மோட்டார்ஹோம் தண்ணீர் பம்ப் சத்தம் போடுகிறதா? புது பம்ப் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியில்) இரவில் ஒருவர் கை கழுவினால் வண்டியில் படுத்திருக்கும் அத்தனை பேரும் விழித்துக்கொள்கிறார்கள் என்றால், பெரும்பாலும் "பம்ப் போச்சு" என்றுதான் முடிவு கட்டுகிறார்கள். புதிதாக ஒன்று வாங்கி அதே இடத்தில், அதே ஸ்க்ரூ துளைகளில், அதே பைப்பில் மாட்டுகிறார்கள். சத்தமும் அப்படியே இருக்கிறது. இந்தப் பம்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் இந்த வீண் செலவு மிச்சமாகும்.

மோட்டார்ஹோம்களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் டயாபிரம் பம்ப். நம் வீட்டு ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபையருக்குள் இருக்கும் சின்னப் பம்பும் இதே இனம்தான். இது அளவில் பெரியது, அவ்வளவே. மோட்டார் சுழலும்போது ஒரு சாய்ந்த தட்டு மூன்று அல்லது நான்கு ரப்பர் அறைகளை மாறி மாறி அமுக்குகிறது. அதனால் தண்ணீர் ஒரே சீராக வராமல் துடிப்புத் துடிப்பாகத்தான் வரும். இந்தத் துடிப்பைத் தவிர்க்க முடியாது. அது பைப் வழியாகவும் தரைப் பலகை வழியாகவும் வண்டி முழுக்கப் பரவாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. பம்பின் வெளிவாயில் ஒரு பிரஷர் ஸ்விட்ச் இருக்கும். குழாயை மூடியதும் அழுத்தம் ஏறி ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்தும். குழாயைத் திறந்ததும் அழுத்தம் இறங்கி மறுபடி ஓடவிடும்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

கருவிப்பெட்டியைத் திறக்கும் முன் வண்டியில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒருவரைக் குழாயருகே நிறுத்தி, நீங்கள் பம்புக்குப் பக்கத்தில் உட்காருங்கள். குழாயை முழுசாகத் திறக்கச் சொல்லுங்கள், பிறகு கால்வாசி, பிறகு மூடச் சொல்லுங்கள். குளிர்நீர், வெந்நீர் இரண்டிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

முழுசாகத் திறந்தபோது "உர்ர்ர்" என்று தரையே அதிர்ந்தால் மாட்டிய விதத்திலோ பைப்பிலோ கோளாறு. கால்வாசி திறந்தபோது மட்டும் "டக்-டக்-டக்" என்று நின்று நின்று ஓடினால் அழுத்தச் சிக்கல். எந்தக் குழாயும் திறக்காமல் கால் மணிக்கொரு தரம் ஒரு நொடி "டர்ர்" என்றால் எங்கோ கசிவு. கரகரப்பும் குழாயில் "புஸ் புஸ்" என்று காற்றும் சேர்ந்து வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது. உலோகம் உரசுவதுபோல் கீச்சென்று கத்தினால்தான் மோட்டார் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மட்டும்தான் புது பம்ப் வாங்குவதே முதல் வைத்தியம்.

கையில் பிடித்துப் பார்க்கும் சோதனை

இதைவிட நம்பகமான சோதனை வேறில்லை, செலவும் இல்லை. ஸ்விட்சை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை வடியவிடுங்கள். பம்பைத் தரையோடு பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூக்களை மட்டும் கழற்றுங்கள். பைப்பைத் தொட வேண்டாம். பம்பைச் சற்றுத் தூக்கி அடியில் நாலாக மடித்த துண்டு ஒன்றை வைத்து, ஸ்விட்சைப் போட்டு, குழாயைத் திறந்து ஓடவிடுங்கள்.

சத்தம் பாதியாகக் குறைந்தால் குற்றவாளி தரைப் பலகை. குறையவே இல்லை என்றால் அதிர்வு பைப் வழியாகப் போகிறது. பைப்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பிடித்ததும் சத்தம் அடங்குகிறதோ அந்த இடத்தில் பைப் மரத்தில் தட்டுகிறது. தூக்கவே முடியாத அளவுக்குப் பைப் விறைப்பாக இருந்தால் அதுவே விடை.

மாட்டிய விதம்

பம்புக்கு அடியில் நான்கு ரப்பர் கால்கள் இருக்கும். தொழிற்சாலையிலேயே பல வண்டிகளில் ஸ்க்ரூவை முடிந்தவரை இறுக்கி இந்த ரப்பரைச் சப்பையாக்கிவிடுகிறார்கள். நசுங்கிய ரப்பர் அதிர்வை உள்வாங்காது, மரத்துக்கு அப்படியே கடத்தும். ஸ்க்ரூத் தலை ரப்பரைத் தொட்டு, அது மேலும் நசுங்கத் தொடங்கும் முன் நிறுத்த வேண்டும். பம்பைக் கையால் ஆட்டினால் லேசாக அசைய வேண்டும். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் கால்களை மட்டும் தனியாக வாங்கலாம்.

பம்ப் உட்கார்ந்திருக்கும் பலகை மெல்லிய பிளைவுட்டாக இருந்தாலோ, படுக்கைக்கு அடியில் வெற்றுப் பெட்டியின் பக்கச் சுவராக இருந்தாலோ அது சத்தத்தைப் பெருக்கிக் காட்டும். அங்கே செய்ய வேண்டியது: 18 மி.மீ. பிளைவுட்டில் பம்பைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிதாக ஒரு துண்டு வெட்டுங்கள். அடியில் 10 மி.மீ. நியோபிரீன் அல்லது மெத்தென்ற ரப்பர் ஷீட்டை ஒட்டுங்கள். பம்பை இந்தப் பலகையில் மட்டும் ஸ்க்ரூ செய்யுங்கள். பலகையைத் தரையோடு இணைக்கும் ஸ்க்ரூக்கள் நான்கு மூலைகளில் தனியாக, ரப்பர் புஷ் வழியாக இறங்கட்டும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: நீளமான ஸ்க்ரூவைப் போட்டு பம்ப், பலகை, ரப்பர், தரை எல்லாவற்றையும் ஒன்றாகத் துளைத்துவிடுகிறார்கள். அந்த ஸ்க்ரூ வழியாகவே அதிர்வு தரைக்கு இறங்கிவிடும், அடியில் போட்ட ரப்பர் வீண்.

பம்பைப் பஞ்சாலோ துணியாலோ சுற்றி மூடுவதும் வேண்டாம். மோட்டார் சூடாகி வெப்பக் காப்பு ஸ்விட்ச் அதை நிறுத்திவிடும். பம்ப் இருக்கும் அறையின் சுவர்களுக்கு உள்பக்கமாக ஃபோம் ஒட்டுவதில் தவறில்லை. மோட்டாரைச் சுற்றிக் காற்றோட்டம் இருந்தால் போதும்.

பைப்பும் ஹோஸும்

வட அமெரிக்க வண்டிகளில் அரை அங்குல பெக்ஸ் எனும் பிளாஸ்டிக் பைப், ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் 12 மி.மீ. புஷ்-ஃபிட் (செருகினாலே பிடித்துக்கொள்ளும்) பைப். இரண்டுமே விறைப்பானவை. இவற்றை நேராகப் பம்பில் கொண்டுவந்து இணைத்தால் துடிப்பு முழுக்கச் சமையலறை வரை போகும். பம்பின் இருபக்கமும் குறைந்தது 45 செ.மீ. வளையும் ஹோஸ் வேண்டும், அரை அங்குல உள்விட்டம், குடிநீருக்கு உகந்த ரகம். உறிஞ்சும் பக்கத்தில் நூல் பின்னிய ஹோஸ்தான் போட வேண்டும். சாதா பிளாஸ்டிக் ஹோஸ் உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் குறையும், சத்தம் கூடும்.

ஹோஸை இழுத்துக் கட்டாமல் ஒரு தளர்ந்த வளைவாக விடுங்கள். ஆனால் அந்த வளைவு சுவரில் உரசக் கூடாது. பைப் பலகைத் துளைகளைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஃபோம் உறை ஒரு துண்டு செருகுங்கள். தொங்கும் பைப்பை 40 செ.மீ.க்கு ஒன்றாக ரப்பர் வைத்த கிளாம்பால் பிடியுங்கள். குழாயை மூடும்போது "டொக்" என்று ஒற்றை அடி விழுந்தால் அதுவும் கட்டாத பைப்தான்.

பம்பின் வாய்களில் மாட்டும் இணைப்புகளைக் கையால் இறுக்கினால் போதும். உள்ளே இருக்கும் வாஷர்தான் அடைப்பைத் தருகிறது. டெஃப்லான் டேப் சுற்றினால் மரை வழுக்கிக்கொண்டு அளவுக்கு மீறி இறுகும், பிளாஸ்டிக் வாய் விரிசல் விடும். பிய்ந்த டேப் துணுக்கு வால்வில் சிக்கவும் செய்யும்.

டக்-டக் என்று நின்று நின்று ஓடினால்

55 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அலகு) அழுத்தத்தில் நின்று 40இல் மறுபடி தொடங்கும் பம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் தள்ளும். நீங்கள் பல் துலக்க நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வேகத்தில் குழாயைத் திறக்கிறீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது, பைப்பும் விறைப்பு. பம்ப் ஒரு கணத்தில் 55ஐ எட்டி நிற்கிறது, அடுத்த கணம் 40க்கு இறங்கித் தொடங்குகிறது. காதுக்கு மட்டும் அல்ல, பிரஷர் ஸ்விட்சின் முனைகளுக்கும் இது கேடு. ஒவ்வொரு தடவையும் பொறி பறந்து முனைகள் கரிகின்றன.

முதலில் குழாய் முனையில் உள்ள வலையையும் ஷவர் தலையையும் கழற்றி ஓட்டிப் பாருங்கள். சுண்ணாம்பு அடைத்திருந்தால் வினிகரில் ஊறவையுங்கள். குளிர்நீர்ப் பக்கம் சரியாக ஓடி வெந்நீரில் மட்டும் டக்-டக் என்றால் ஹீட்டர் வழியிலோ கலவைக் குழாயிலோ அடைப்பு. வட அமெரிக்க வண்டி என்றால் தண்ணீரை ஹீட்டருக்குள் விடாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வுகளும் பாதி நிலையில் நிற்கக்கூடும்.

அதன் பிறகும் தொடர்ந்தால் ஓர் அக்யுமுலேட்டர் மாட்டுங்கள். இது உள்ளே ரப்பர்ப் பை கொண்ட சிறு தொட்டி. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். பம்பின் வெளிவாய்க்குப் பின்னால், பைப் கிளை பிரியும் முன் இதன் இடம். பரவலாகக் கிடைக்கும் 0.7 லிட்டர் ரகத்தில் காற்றை 38 பி.எஸ்.ஐ.யில் வைத்தால் 55க்கும் 40க்கும் இடையில் சுமார் 145 மில்லி தண்ணீர் சேமிப்பாக நிற்கும். லிட்டர் வேகத்தில் திறந்த குழாய்க்கு அது 8, 9 நொடி வரும். பம்ப் ஓரிரு நொடி ஓடி நிரப்பிவிட்டு மறுபடி அமைதியாகும். 2 லிட்டர் தொட்டி வைத்தால் சேமிப்பு 400 மில்லியைத் தாண்டும். இரவில் கை கழுவப் பம்ப் ஓடவே தேவையிராது. இடம் இருந்தால் பெரியதையே வையுங்கள்.

மாட்டிவிட்டால் மட்டும் போதாது, காற்றை அளந்து வைக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்து, வெந்நீர், குளிர்நீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் திறந்து அழுத்தத்தை முழுக்க வடியவிட்ட பிறகுதான் அளக்க வேண்டும். இல்லையேல் அளவுமானி தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும். டயர் காற்று வால்வு போன்ற அதே வால்வுதான். பம்ப் தொடங்கும் அழுத்தத்துக்கு 2 பி.எஸ்.ஐ. கீழே வையுங்கள். சைக்கிள் கைப்பம்பே இதற்குப் பொருத்தம். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் ஒரே அடியில் அளவை மீறிவிடும். காற்று, தொடங்கும் அழுத்தத்தைவிட அதிகமாக இருந்தால் தொட்டி முன்கூட்டியே காலியாகி, பம்ப் தொடங்கும்போது குழாய்த் தண்ணீர் ஒரு கணம் தடுமாறும். வால்வை அமுக்கும்போது தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது, தொட்டியை மாற்றுவதே வழி.

வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் மின்னணுப் பம்புகளுக்கு அக்யுமுலேட்டர் வேண்டியதில்லை. சில ரகங்களில் அதுவே கட்டுப்பாட்டைக் குழப்பும். கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பிரஷர் ஸ்விட்சின் முதுகில் சின்ன ஆலன் ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகிச் சரிசெய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். உள் பைபாஸ் உள்ள பம்பில் நிற்கும் அழுத்தத்தை ஏற்றிவிட்டால் தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, பம்ப் நிற்காமலே ஓடும். தொட்டே ஆக வேண்டும் என்றால் பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு கால் திருகலுக்கு மேல் போகாதீர்கள்.

யாரும் குழாயைத் திறக்காமலே ஓடினால்

பம்புக்குப் பின்னால் ஒரு அடைப்பு வால்வு இருந்தால் அதை மூடிவிட்டுக் காத்திருங்கள். அப்போதும் இடைவிட்டு ஓடினால், வால்வு வரையுள்ள இணைப்புகள் ஈரமில்லை என்ற பட்சத்தில், பம்பின் உள்வால்வு தண்ணீரைத் திரும்ப டேங்குக்கே விடுகிறது. ஓடவில்லை என்றால் கசிவு வால்வைத் தாண்டிய பைப்பில். வெளியிலிருந்து குழாய்நீர் இணைக்கும் வசதி உள்ள வண்டிகளில் இன்னொரு சோதனையும் உண்டு: பம்பை அணைத்து வெளிநீரைத் திறந்துவிடுங்கள். டேங்கின் அளவு தானாக ஏறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பம்பின் உள்வால்வு.

வெளிக்கசிவு என்றால் கழிவறை வால்வு, வெளி ஷவர், வண்டிக்கு அடியில் உள்ள வடிகால் குழாய்கள், ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு என்ற வரிசையில் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். ஒரு துளி ஈரமும் பேப்பரில் தெரியும். ட்ரூமா நிறுவனத்தின் ஹீட்டர் உள்ள ஐரோப்பிய வண்டிகளில் குளிர் காலத்தில் பம்ப் நிற்காமல் ஓடினால் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். வெப்பம் சுமார் 3 டிகிரிக்குக் கீழே போனால் அதன் ஃப்ராஸ்ட் கண்ட்ரோல் வால்வு தானே திறந்து ஹீட்டர் தண்ணீரை வெளியே விட்டுவிடும். அது பழுது அல்ல. அந்த இடம் சுமார் 7 டிகிரிக்கு மேல் சூடான பிறகுதான் அதை மூட முடியும்.

காற்று புகுந்தால்

உறிஞ்சும் பக்கக் கசிவு ஏமாற்றக்கூடியது. அங்கே தண்ணீர் வெளியே சொட்டாமல் காற்றுதான் உள்ளே போகும். பம்புக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிபோன்ற வடிகட்டிக் கிண்ணத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஓடும்போது குமிழிகள் வரிசையாக வந்தால் காற்று வருவது கிண்ணத்திலோ அதற்கு முன்னாலோ. கிண்ணத்தின் ஓ-ரிங்கைக் கழற்றித் துடைத்து, குடிநீருக்கு உகந்த சிலிகான் கிரீஸ் துளி தடவி மாட்டுங்கள். பனியில் உறைந்த வண்டியில் கிண்ணம் மயிரிழையாக விரிந்திருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. நகத்தால் தடவிப் பாருங்கள்.

வலையையும் கழுவிவிடுங்கள். புது வண்டியில்தான் இது அதிகம் அடைபடும்: டேங்கில் துளை போட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சுருள்கள் முதல் சில மாதங்கள் வந்துகொண்டே இருக்கும். அடைபட்ட வலையில் பம்ப் மூச்சுத் திணறுவதுபோல் கனத்த குரலில் ஓடும்.

இன்னும் சந்தேகமா? உள்வாயில் ஒரு முழ ஹோஸை மாட்டி ஒரு வாளித் தண்ணீரில் விடுங்கள். வாளியிலிருந்து அமைதியாக இழுத்தால் பம்ப் நல்லது, தப்பு டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். டேங்கின் மூடியைத் திறந்ததும் சத்தம் மாறினால் டேங்கின் காற்றுப் பைப் அடைபட்டிருக்கிறது. குளவி கூடு கட்டுவது வழக்கமான காரணம்.

மின்சாரம்

பம்ப் ஓடும்போதே அதன் முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். பேட்டரியில் இருப்பதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 7 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு 6 மீட்டர் தூரம், போக வர 12 மீட்டர், 2.5 சதுர மி.மீ. வயரில் 0.6 வோல்ட் அளவுக்கு இழப்பு, 1.5 வயரில் ஒரு வோல்ட். அதைவிட அதிகம் இழந்தால் கிரிம்ப் இணைப்பு (வயரை அமுக்கிப் பிடித்த உலோக முனை) ஒன்று பச்சை பூத்திருக்கும், பெரும்பாலும் எர்த் பக்கம். மின்னழுத்தம் போதாத பம்ப் நிறுத்த அழுத்தத்தை எட்ட முடியாமல் முனகிக்கொண்டே ஓடும்.

பம்பைத் திறக்க வேண்டி வந்தால்

உள்வால்வு கசிகிறது என்று உறுதியானால் பம்ப் தலையைத் திறக்கலாம். ஃபியூஸை எடுங்கள், அழுத்தத்தை வடியவிடுங்கள், தலையின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். ஒவ்வோர் அடுக்கையும் எடுக்கும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வால்வுத் தட்டு தலைகீழாக உட்கார்ந்தால் தண்ணீரே வராது. பலமுறை ஒரு மணல் துகளோ பிளாஸ்டிக் சுருளோதான் வால்வு ரப்பருக்கு அடியில் கிடக்கும். கழுவி மாட்டினால் வேலை முடிந்தது. ரப்பர் சுருண்டோ கிழிந்தோ இருந்தால் வால்வு, டயாபிரம், ஓ-ரிங் சேர்ந்த கிட் வாங்குங்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மோட்டார் பக்கம் தண்ணீர்க் கறையோ துருவோ தெரிந்தால் டயாபிரம் கிழிந்து மோட்டார் நனைந்திருக்கிறது, கிட் போடுவது வீண் செலவு.

ஐரோப்பிய கேரவன்களில் டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் சிறு பம்ப் வேறு வகை. குழாய்க்குள் உள்ள மைக்ரோ ஸ்விட்சால் ஓடும். அது விர்ரென்று சுற்றியும் தண்ணீர் வராவிட்டால் காற்று அடைத்திருக்கிறது. தண்ணீருக்குள்ளேயே குலுக்கிக் குமிழியை வெளியேற்றுங்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அழுத்தத்தைப் பாருங்கள். அமெரிக்க வண்டிகளில் பரவலான ஷர்ஃப்ளோ 4008 பம்ப் 55 பி.எஸ்.ஐ.யில் நிற்கும், அதாவது சுமார் 3.8 பார். ஐரோப்பிய வண்டிகளில் காணும் ட்ரெய்ல் கிங் 7 ரகம் 20 பி.எஸ்.ஐ.யில் நிற்கும், 1.4 பார். ட்ரூமா ஹீட்டர் தாங்கும் அளவு 2.8 பார்தான். அங்கே 55 பம்பை மாட்டினால் பாதுகாப்பு வால்வு சொட்டத் தொடங்கும், அழுத்தம் இறங்கும், பம்ப் இரவெல்லாம் இடைவிட்டு ஓடும். பழைய பம்பின் லேபிளில் உள்ள அழுத்தம், ஆம்பியர், வாய் அளவு மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். ஃபியூஸையும் புது பம்பின் லேபிள் சொல்லும் அளவுக்கு மாற்றுங்கள். மாட்டிய பின் அழுத்தம் ஏற்றி, ஸ்விட்சை அணைத்து, ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறங்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தால் இணைப்புகள் சரி. வெறுமனே ஒழுகினால் டிஷ்யூ பேப்பரை மறுபடி கையில் எடுங்கள்.